மணிவேலுக்குக் கை வந்தது

மணிவேலின் கழுத்து எப்படி முறிந்தது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள். பச்சைப் பொய். அவன் விழுந்தது வாசலில், பட்டப்பகலில். எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்த நான் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். என் பெயர் வேணு. ஆட்டோக்காரன் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று நினைக்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, பிளாட் போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது எங்கள் தெரு. பாதி வீடுகள் பூசியிருக்கும், பாதி வீடுகள் செங்கல் தெரிய நிற்கும். அப்பாசாமி ஊரில் இருந்த நிலத்தில் ஒரு துண்டை விற்று இங்கே வந்து வீடு கட்டினார். சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் மணிவேல். அவனுக்குப் போர்வெல் வண்டியில் வேலை. ஆந்திராப் பக்கம், கர்நாடகப் பக்கம் என்று பூமியைத் துளைத்துக்கொண்டு திரிவான். எப்போதாவது வருவான். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகி, அவனுக்குச் சாதாரணப் பேச்சே கத்தல்தான். வந்த அன்று கறி, மறுநாள் குடி, அதற்கு மறுநாள் பெண்டாட்டிக்கு அடி.

பெண்டாட்டி நந்தினி, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்கு அப்பால் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பெட்ஷீட் துவைக்கிறாள். வெள்ளைக்காரர்கள் மன அமைதி தேடி வந்து தங்குகிற இடம். பகலெல்லாம் அவர்களுக்குத் துவைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உதை வாங்குவாள். அவனுக்குக் காரணமெல்லாம் வேண்டாம். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பான், போனை ஏன் உடனே எடுக்கவில்லை என்பான், யார் ரூமுக்குப் போனாய் என்பான். அவர்கள் மகள் கவிநிலா நாலாம் வகுப்பு படிக்கிறாள். அப்பன் செருப்புச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்கு ஓடிவந்து என் பெண்டாட்டி பின்னால் நின்றுகொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் தண்ணி விடுகிற ஹோஸ் பைப் இருந்தது. படிமேல் நின்று விளாசிக்கொண்டிருந்தான். நந்தினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் முதுகில் ஜாக்கெட் கிழிந்து சிவப்பாக வரி வரியாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் ஆதிமூலம் தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து எக்ஸெல் வண்டியில் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்து இறங்கினான். தங்கச்சி வீட்டுக்குப் புது வேர்க்கடலைக் காய். வண்டியை அப்படியே போட்டான். மூட்டை சாய்ந்து காயெல்லாம் மண்ணில் கொட்டியது. ஒரே தாவலில் படியேறி மணிவேலின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். மணிவேல் மல்லாக்கப் போனான். கீழே துவைக்கிற கல். அதன் விளிம்பில் பின்கழுத்து பட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

விழுந்த மணிவேலுக்கு வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. "கொன்னுடுவேன்டா உன்ன, ஏந்திரிச்சி வந்தேன்னா கொன்னுடுவேன்" என்றான். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. சொல்வதற்கென்ன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

108 வருவதற்குள் அப்பாசாமி கதையை முடிவு செய்துவிட்டார்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க. பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான், அவ்ளோதான்" என்றார்.

ஆதிமூலம் முன்னால் வந்தான். "நான்தான மாமா தள்னேன். நான் ஒத்துக்கறேன்."

"நீ ஒத்துக்கினு உள்ள போய்ட்டா, உன் தங்கச்சி இங்க இருப்பாளா? கெளம்பிடுவா. இவனுக்குப் பீ மூத்திரம் அள்றது யாரு, நானா? நீ உன் வேலயப் பாரு. நான் உன்னக் காட்டிக்குடுக்க மாட்டேன். அவ இருந்து இவனப் பாக்கட்டும். இன்னாமே, சரியா?"

நந்தினி மண்ணில் கிடந்த மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். இப்படியும் ஒரு பேரம் பேசுவானா மனுஷன், பிள்ளை மூச்சுத் திணறிக் கிடக்கும்போது? பேசினார். என் காதால் கேட்டேன்.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து சென்னை. கழுத்தெலும்பு நொறுங்கி உள்ளே போகிற நரம்புத் தண்டு நசுங்கிவிட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முழங்கையை மடக்குவான், மணிக்கட்டைத் தூக்குவான். விரல்கள் மட்டும் அவனுடையவையே இல்லை என்பதுபோல் கிடந்தன. இனி இவ்வளவுதான் என்றார்கள். அப்புறம்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் என்கிற குருத்தணு வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், அடிபட்டு அதிகக் காலம் ஆகாதவர்களாகத் தேடுகிறார்கள் என்று சேதி வந்தது. என் மச்சானின் ஆம்னி வேனில் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அவனைத் தூக்கி இறக்கவும் ஓர் ஆள் வேண்டுமே.

பெரிய டாக்டர் சக்கரவர்த்திக்குப் பொறுமை அதிகம். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"இங்க நரம்புத் தண்டுல ஒரு பள்ளம் விழுந்திருக்கு. இவரோட இடுப்பெலும்பு மஜ்ஜையிலருந்தே குருத்தணு எடுப்போம். லேப்ல வளப்போம். ஒரு ஜெல்லுல கலந்து அந்தப் பள்ளத்துல வைப்போம். அந்த ஜெல் பந்தல் மாதிரி. அதைப் புடிச்சிகிட்டு நரம்பு அந்தப் பக்கம் போகுதான்னு பாக்கறோம். போகும்னு நான் சொல்லலை. இது ஆராய்ச்சி. அதனால காசு வாங்க மாட்டோம், வாக்கும் குடுக்க மாட்டோம்."

பந்தல் என்றதும் அப்பாசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாகக்கா போட்டவன் சார் நான். பந்தல் கெட்டியா இருந்துச்சின்னா கொடி ஏறாம எங்க போவும்?"

"எல்லாக் கொடியும் ஏறாது பெரியவரே. நடப்பாருன்னு கனவு காணாதீங்க. ரெண்டு விரல் வந்தாலே பெருசு. ஒண்ணுமே வராமப் போகலாம். இப்ப இல்லாத வலி வரலாம். அதையும் தெரிஞ்சிக்குங்க."

"வரும் சார். அண்ணாமலையான் வுட மாட்டான்."

டாக்டர் பேனாவை மூடினார். "ஆபரேஷன் பாதிதான். வீட்டுல தினமும் ரெண்டு வேளை கைக்குப் பயிற்சி குடுக்கணும், மாசக் கணக்குல. அதுக்கு ஒரு ஆள் ஒத்துக்கலைன்னா இவரைச் சேத்துக்க முடியாது. யார் குடுப்பீங்க?"

எல்லோரும் நந்தினியைப் பார்த்தோம். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனும் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான். முடியாது என்று சொல்லும்மா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கை வந்துச்சின்னா அவரே சோறு எடுத்துத் தின்னுவாரா சார்?"

"தின்னலாம். சக்கர நாற்காலியத் தள்ளிக்கலாம். பாதிக்குப் பாதி யாரையும் எதிர்பாக்க வேண்டியிருக்காது."

"அப்ப நான் குடுக்கறேன் சார்."

திரும்பி வரும்போது செஞ்சியில் டீ குடிக்க நிறுத்தினேன். பெரியவர் வேனுக்குள் மகனுக்கு பன்னை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உனக்கு மூள கீள எதனா இருக்கா? அந்தக் கை உன்ன எத்தினி தபா அடிச்சிருக்கு. மறுபடியும் அதுக்கு உயிர் குடுக்கறேன்றியே" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். "அந்தக் கை வராத வரைக்கும் என் கைதாண்ணா அவருக்குக் கை. வாயில ஊட்டறதும் நான், பின்னால கழுவறதும் நான். சாவுற வரைக்கும் என்னால இங்கருந்து நவர முடியாது. அவருக்குக் கை வந்தாத்தான் எனக்குக் கால் வரும். போய்டுவேன்."

வேன் ஊரை நெருங்கி, வயல்களுக்கு மேலே மலை தெரிந்தது. பின் சீட்டில் அவள் குரல் கேட்டது. "மாமா, மல தெரியுது. அதப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. இவரு கையால இவரே சோறு எடுத்துத் தின்ற அன்னிக்கி நான் கவிநிலாவ கூட்டிக்கினு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். நீங்க தடுக்கக் கூடாது."

எங்கள் ஊரில் மலையைப் பார்த்துச் சொன்ன பேச்சை மாற்றினால் குடும்பம் விளங்காது என்பார்கள். அப்பாசாமி கொஞ்ச நேரம் மகனைப் பார்த்தார், அப்புறம் மலையைப் பார்த்தார். "அவன் கையால தின்ற அன்னிக்கி நீ போ. நான் தடுக்கல. அண்ணாமலையானுக்குப் பொதுவா சொல்றேன்." மணிவேல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தோம். நாங்கள் மடையர்கள்.

மஜ்ஜை எடுத்தார்கள், வளர்த்தார்கள், கழுத்தைத் திறந்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அவள் பட்ட பாட்டை நான் தினம் பார்த்தேன். விடிந்ததும் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, துடைத்து, மூத்திரப் பையை மாற்றி, உடனே கைப்பயிற்சி. ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டி, மணிக்கட்டை மேலே தூக்கிக் கீழே இறக்கி, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துவைத்து "புடிங்க, புடிக்கிறதா நெனச்சிக்குங்க" என்பாள். பிறகு கெஸ்ட் ஹவுஸுக்கு ஓட்டம். சாயங்காலம் வந்து மறுபடி அதே விரல்கள். கேவுரு களியும் கீரைக் குழம்பும் செய்து, களியைச் சின்னச் சின்ன உருண்டையாக்கிக் குழம்பில் தோய்த்து ஊட்டுவாள்.

அவன் சும்மா வாங்கித் தின்றானா? தின்றதை அவள் மூஞ்சியில் துப்பினான். ஊட்டுகிற விரலைக் கடித்தான். ஒருமுறை நகம் பெயர்ந்து வந்துவிட்டது. விரல் வராவிட்டால் என்ன, முழங்கையை மடக்கி வீசத் தெரியுமே. அப்படி வீசியதில் அவள் முன்பல் ஒன்று பாதி உடைந்து, உதடு வீங்கி, வேலைக்குத் துணியால் வாயை மூடிக்கொண்டு போனாள். கெட்ட வார்த்தை என்றால் தெரு முழுக்கக் கேட்கும். என்னையும் அவளையும் சேர்த்து வைத்து அவன் பேசியதை என் பெண்டாட்டியே கேட்டுவிட்டு, "போய் அவன் வாயில ரெண்டு குடுத்துட்டு வாயேன்யா" என்றாள். படுக்கையில் கிடப்பவனை எப்படி அடிப்பது? அந்த ஒரு தைரியத்தில்தான் அவன் ஆடினான்.

கோடை போய் ஆடிக் காற்று வந்தது. தெருவெல்லாம் மண். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் என்று நான் வண்டியில் ஏறினால் இறங்க நேரமில்லாமல் இருந்த சமயத்தில் சென்னைக்குப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் கீர்த்தனா அவன் கையில் ஒயரெல்லாம் ஒட்டி மெஷினைப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"சிக்னல் வருதுங்க. நல்லாவே வருது. விரலுக்குப் போற தசை வேல செய்யுது. ஆனா புடிக்கச் சொன்னா புடிக்க மாட்டேங்கறாரே. அண்ணா, இன்னொரு தடவ முயற்சி பண்ணுங்க."

மணிவேல் உதட்டைப் பிதுக்கினான். "வரலயேம்மா. நான் இன்னா பண்ணுவேன்?" எவ்வளவு பணிவு! அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பாசாமி மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தல் வீணாகப் போய்விட்டதே என்று அவருக்குத் துக்கம்.

வீட்டில் அவனை இறக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் நந்தினி என் பின்னாலேயே வந்தாள். "வந்துடுச்சிண்ணா. மறைக்கிறாரு."

"மறைச்சி அவனுக்கு இன்னா லாபம்?"

"தின்னா நான் போய்டுவேன்ல. அன்னிக்கி வேன்ல அவரு தூங்கலண்ணா."

எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. தன் கை வந்ததை ஊருக்குச் சொல்லி ஆடிப்பாட வேண்டிய மனுஷன், ஒருத்தியைக் கட்டிப்போடுவதற்காக அதைச் செத்த கை என்று போட்டுவைத்திருக்கிறான். இப்படி ஒரு கெட்ட புத்தியை நான் கண்டதில்லை.

அந்த வாரமே, சனிக்கிழமை மத்தியானம், நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கவிநிலாவின் அலறல் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

நடந்ததை நந்தினி பிறகு சொன்னாள். தட்டை அவன் மடிமேல் வைத்திருக்கிறாள். "இனிமே ஊட்ட மாட்டேன். எடுத்துத் தின்னுங்க. வந்துடுச்சின்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவன் நிமிர்ந்து உட்காரத் தலையணை வைக்கக் குனிந்திருக்கிறாள். சடை முன்னால் விழுந்திருக்கிறது.

நான் போனபோது அவள் சடை அவன் வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. ஐந்து விரலும் அதன்மேல் இறுகியிருந்தன. இழுத்து இழுத்து அவள் நெற்றியைக் கட்டில் கம்பியில் மோதிக்கொண்டிருந்தான். கீழே களியும் குழம்பும் சிதறிக் கிடந்தன. அவள் புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "போவியாடி? போவியா? எங்கடி போவ?" என்று ஒவ்வொரு மோதலுக்கும் கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

அப்பாசாமியும் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். விலக்கிவிடுவார் என்று பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"அரோகரா! அண்ணாமலையானுக்கு அரோகரா! புடிச்சிட்டான்டா வேணு! பார்றா, அஞ்சு வெரலும்! எம்புள்ளைக்குக் கை வந்துடுச்சிடா!"

கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது அவருக்கு. எதிரே மருமகள் மண்டை உடைகிறது. அந்த நேரம் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள என் கை பரபரத்தது. ஆனால் முதலில் நந்தினி. இரண்டு கையாலும் அவன் விரல்களைப் பிரித்தேன். பிரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மூட்டை தூக்குகிற என் கையால் முடியவில்லை. ஒரு விரலை நிமிர்த்தினால் இன்னொன்று இறுகியது.

"இழுக்காதண்ணா" என்றாள் நந்தினி. ரத்தத்துக்கு நடுவில் அவள் குரல் நிதானமாக இருந்தது. "வெரல வுடு. நான் பாத்துக்கறேன்." தன் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்து, உள்பக்கமாகக் கீழே மடக்கினாள். விரல்கள் தானாகத் தளர்ந்து திறந்தன. மாசக்கணக்கில் அந்தக் கையோடு மாரடித்தவள். எந்தப் பக்கம் மடக்கினால் அது பிடிக்கும், எந்தப் பக்கம் மடக்கினால் விடும் என்று அவளுக்குத் தெரியாதா? சடையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"கவி, உன் பையெடு. போலாம்" என்றாள்.

அப்பாசாமியின் ஆனந்தமெல்லாம் அப்போதுதான் இறங்கியது. பாய்ந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க போவ? தின்ற அன்னிக்கித்தான பேச்சு? அவன் தின்னல! களி அப்படியே கீழ கெடக்குது பாரு. மலையப் பாத்து சொன்ன பேச்சு, தின்னாத்தான் போவலாம்!"

"மாமா, அவ கைய வுடுங்க."

"நீ போறதுன்னா போ. கொழந்த எங்க வூட்டுக் கொழந்த. மீறினே, உங்கண்ணன் கதைய ஸ்டேஷன்ல சொல்லி உள்ள தள்ளிடுவேன், ஆமா."

கட்டிலிலிருந்து அவன் சிரித்தான். "வுடாத நைனா. கொழந்த இங்க இருந்தா தானா வருவா."

கவிநிலா கையைத் திருகித் திருகிப் பார்த்தாள். பெரியவர் பிடி விடவில்லை. நந்தினி ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள். "அம்மா இப்ப வந்துடறேன், அழாத" என்று சொல்லிவிட்டு, வழிகிற ரத்தத்தைத் துடைக்காமல் வந்து என் ஆட்டோவில் ஏறினாள். வழியில் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, நீ தள்னத நானே சொல்லப் போறேன். எதுக்குத் தள்னேன்னும் சொல்லப் போறேன்" என்றாள். அந்தப் பக்கம் ஆதிமூலம் சொன்னது எனக்கும் கேட்டது. "சொல்லும்மா. இத்தினி மாசமா எனக்குச் சோறே எறங்கல. நான் நேரா ஸ்டேஷனுக்கு வரேன்."

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் வேகமாகச் சொல்லி முடித்தாள். ஆதிமூலமும் வந்து ஒத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவள் நெற்றிக்குத் தையல் போட்டபிறகு, சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் ஒரு லேடி எஸ்.ஐ.யும் ஒரு கான்ஸ்டபிளும் எங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். தெருவே கூடிவிட்டது.

வீடு கழுவித் துடைத்திருந்தது. சிதறிய களியும் இல்லை, ரத்தமும் இல்லை. மணிவேல் நெஞ்சுவரை போர்வையோடு படுத்திருந்தான். வலது கை போர்வைமேல் மல்லாந்து கிடந்தது, விரல்கள் பழையபடி சோர்ந்திருந்தன.

"என்னால ஈ ஓட்டக்கூட முடியாது மேடம்" என்றான். கண்ணீர் வேறு. "எம்மேல போய்ப் புகார் குடுத்துக்கீறா. நான் எப்படி மேடம் அடிப்பேன்?"

எஸ்.ஐ. அந்தக் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். பொத்தென்று விழுந்தது. உள்ளங்கையில் பேனாவை வைத்து அழுத்தினார். பிடிக்கச் சொன்னார். விரல் அசையவில்லை.

"அப்ப இந்தம்மாவுக்கு நெத்தியில எப்படி அடி?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்திருப்பா" என்றான் அவன்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பொய் மேடம்! நான் பாத்தேன். நான்தான் பிரிச்சி வுடப் போனேன்."

எஸ்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அவங்க ஆட்டோக்காரர்தான? கொஞ்சம் பேசாம இருங்க." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. எஸ்.ஐ. அப்பாசாமி பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க. பாத்தீங்களா?"

அப்பாசாமி கவிநிலாவைத் தன் காலோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "நான் பாக்கல மேடம். நான் தோட்டத்துப் பக்கம் இருந்தேன்."

நந்தினி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அதட்டவில்லை, ஆறுதலாகத்தான் பேசினார்.

"இதப் பாரும்மா. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. படுக்கையில கெடக்கறவரப் பாத்துக்கறது லேசு இல்ல. அதுக்காக இல்லாதத சொல்லலாமா? உங்கண்ணன் தள்னது வேற விஷயம், அத அப்புறம் பாப்போம். ஆனா இந்தக் கையப் பாரு. செத்த கை. இதால இனி ஒரு சோத்துப் பருக்கை எடுக்க முடியாது. சாவுற வரைக்கும் இவரு இப்படித்தான். எந்த வைத்தியமும் கேக்காது. இது போய் உன் முடியப் புடிச்சிச்சின்னா எவன் நம்புவான்? கொழந்த இங்கயே—"

"யாரு சொன்னது?"

கேட்டது அப்பாசாமி. தலை நிமிர்ந்துவிட்டது அவருக்கு.

"யாரு மேடம் சொன்னது செத்த கைன்னு? இன்னா தெரியும் உங்களுக்கு? மெட்ராஸ்ல குருத்தணு வெச்சி, பந்தல் போட்டு, உயிர் குடுத்த கை அது!"

"நைனா" என்றான் மணிவேல்.

"நீ இருடா. எம்புள்ளைய சாவுற வரைக்கும் இப்படித்தான்றாங்க, கேட்டுக்கினு இருக்கறதா நானு? மேடம், அஞ்சு வெரலும் வந்துடுச்சி மேடம். முழு சடையும் சுத்திப் புடிச்சான். இதோ நிக்கறானே வேணு, இவன் ரெண்டு கையால இழுத்தான், பிரிக்க முடில. கேளுங்க! இரும்புப் புடி மேடம், இரும்பு! மண்டையக் கம்பில மோதி மோதி எடுத்தான். எங்கண்ணால பாத்தேன்!"

எஸ்.ஐ. மெதுவாக எழுந்தார். பெரியவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கவிநிலாவின் கையை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போய் மகன்மேல் குனிந்தார். "டேய் ராசா, காட்றா. செத்த கையின்றாங்கடா. ஒரு தபா புடிச்சிக் காட்றா மேடத்துக்கு."

"வாய மூட்றா கெழவா!" என்று கத்தினான் மணிவேல். போர்வைமேல் கிடந்த கை எழுந்தது. அப்பாசாமியின் சட்டை மார்பை ஐந்து விரலாலும் கொத்தாகப் பிடித்து உலுக்கியது. பொத்தான்கள் தெறித்தன. கிழவரின் தலை முன்னும் பின்னும் ஆடியது. வாசலில் நின்ற கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது. எஸ்.ஐ.யும் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பாசாமி. மூச்சு முட்டியது, ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா மேடம்? நான் சொன்னனா இல்லியா?"

நந்தினி குறுக்கே நடந்து போய் மகளைத் தூக்கிக்கொண்டாள். எஸ்.ஐ. வழிவிட்டு நின்றார். ஒன்பது வயசுப் பெண்ணைத் தூக்க அவளுக்குத் தெம்பு இல்லை, ஆனாலும் இறக்கவில்லை. நான் முன்னால் ஓடி வண்டியைக் கிளப்பினேன்.

உள்ளே கான்ஸ்டபிள் மணிவேலின் விரல்களைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் இறுகி அப்பாசாமிக்கு இருமல் வந்துவிட்டது. நந்தினி வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, வெரல இழுக்கச் சொல்லாதீங்க" என்றாள். "மணிக்கட்டக் கீழ மடக்குங்க. வுட்டுடும்."

சொல்லிவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினாள்.